பொன் விளைந்த ஊர்: கோலாரிலே மூன்று நாட்கள்

நம்மிடம் முன்னொரு காலத்திற் பூகோளம் பயின்று, இப்பொழுது ஜேர்மனி தேசத்திலே குடும்பத்துடன் வாழும் மாணவர் ஒருவர், சென்ற பங்குனி மாதத்திலே நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்து, அதனுடன் பத்துப் பன்னிரண்டு நிழற்படங்களையும் அனுப்பியிருந்தார். ஹார்ஸ் மலைச் சாரலிலுள்ள கொஸ்லார் என்னும் புராதன நகரின் படங்கள் அவை. கற்பாவிய குறுந்தெருக்கள், மரச் சட்டங்களுக்கிடையே சுண்ணச்சாந்து பூசி எழுப்பிய பழைய வீடுகள், சந்தைச் சதுக்கத்து நீரூற்றின் உச்சியிலே முடிதரித்த பொற்கழுகு, பதினோராம் நூற்றாண்டிலே ஜேர்மானியச் சக்கரவர்த்திகள் கொலுவிருந்த அரண்மனை. நகருக்குப் பின்னால் றம்மெல்ஸ்பேர்க் என்னும் மலை. அந்த மலையின் வயிற்றிலிருந்து எடுத்த வெள்ளியும் செம்பும் ஈயமுமே இவ்வளவு செல்வத்துக்கும் காரணம். ஒரு வீரனின் குதிரை பொறுமையிழந்து குளம்பாற் பூமியைக் கிளறியபோது தாது வெளிப்பட்டதாம். அவ்வூரார் சொல்லுங் கதை இது. பத்தாம் நூற்றாண்டு தொடக்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்த அச்சுரங்கம் 1988இல் மூடப்பட்டது. மூடிய நான்காண்டுகளில், 1992இல், சுரங்கமும் நகரமும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று சிறு புகைவண்டியில் ஏறிச் சுரங்கத்தினுள்ளே சென்று பார்த்து வரலாம் என்று எழுதிய மாணவர், “சேர், நீங்கள் ஒருமுறை கட்டாயம் வந்து பார்க்க வேண்டும்” என்று முடித்திருந்தார்.

படங்களைக் கண்ட பின் நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளக்கரையில் அன்று மாலை அமர்ந்து இல்லாளிடம் செய்தியைச் சொன்னோம். அவர் படங்களை ஒன்றுவிடாமற் பார்த்துவிட்டு, “ஜேர்மனிக்குப் போறதெண்டா தென்னங்காணிய விக்கணும். தமிழ் ஆக்கள் இருக்கிற பக்கமாப் பாருங்களன்” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்ன சொல் நமது மனத்தில் ஓர் ஊரின் பெயரை எழுப்பியது. பழைய கோயில்களும், பூமியின் அடிவயிறு வரை இறங்கிய சுரங்கமும், அச்சுரங்கத்திலே நான்கைந்து தலைமுறையாக உழைத்த தமிழ் மக்களும் ஒருங்கே அமைந்த இடம் ஒன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. அதுவே கோலார். சித்திரை விடுமுறையில் இல்லாளையும் பன்னிரண்டு வயது மைந்தனையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் புகைவண்டி காட்பாடியையும் ஜோலார்பேட்டையையும் தாண்டி மேட்டுநிலத்தில் ஏறும்போதே காற்று மாறுகின்றது. பங்காரப்பேட்டையில் இறங்கினோம். கன்னடத்தில் ‘பங்கார’ என்றாற் பொன். வெள்ளையர் காலத்தில் ‘பௌரிங்பேட்டை’ எனப்பட்ட ஊரே இப்பெயர் பெற்றது. அங்கிருந்து ஒரு பாதை கோலார் நகருக்கும், மற்றொன்று அந்நகரிலிருந்து சுமார் முப்பது கிலோமீற்றர் அப்பாலுள்ள கோலார் தங்கவயலுக்கும் செல்லும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாறுவோர் பலர்; நாமும் சுமைகளுடன் பஸ் மாறி ஏறி ஒரு மணி நேரத்தை இழந்த பின்னரே இந்த ஞானத்தைப் பெற்றோம்.

கோலார் நகரின் பழம்பெயர் குவளாலபுரம். கங்க மன்னர் தம்மைக் ‘குவளாலபுரத்துக்கு அதிபர்’ என்று பெருமையுடன் கூறிக்கொண்டனர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சோழர் கங்கநாட்டை வென்று, இப்பகுதிக்கு ‘நிகரிலி சோழ மண்டலம்’ என்று பெயரிட்டனர். அடுத்த நூற்றாண்டில் ஹொய்சளர் அதனைக் கைப்பற்றினர். இடைப்பட்ட அந்த நூறாண்டுக் காலத்தின் சாட்சியாக நிற்பதே கோலாரம்மன் ஆலயம்.

உயர்ந்த கோபுரத்தை எதிர்பார்த்துச் செல்பவர் முதலில் ஏமாற்றமடைவர். தாழ்ந்த கருங்கற் கட்டடம்; குளிர்ந்த மண்டபம். ஆனாற் சுவரை அணுகியதும் நாம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். கற்களில் வரிவரியாகத் தமிழெழுத்து! கன்னட நாட்டின் நடுவே, ஆயிரமாண்டு கழிந்தும் அழியாத தமிழ். முதலாம் இராசேந்திர சோழனின் ஆணைப்படி செங்கல்லாலான பகுதியைக் கருங்கல்லாக மாற்றிக் கட்டியதைக் கூறும் சாசனம் இங்கு உள்ளது. அந்நாளைய கல்வெட்டுகளில் அம்பிகைக்குப் ‘பிடாரியார்’ என்று பெயர். நம் கிழக்கிலங்கைச் சிற்றூர்களிலே அம்மன் கோயிற் சடங்கு கண்டு வளர்ந்தவர்களுக்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. பொலன்னறுவையிலே வானவன்மாதேவி ஈச்சரத்தின் சுவரில் நாம் மாணவர்களுக்குக் காட்டி வந்த அதே காலத்து எழுத்தமைதியை இங்கும் கண்டோம். ஒரே பேரரசின் இரு கோடிகளையும் கண்ணாற் கண்டுவிட்ட உவகையில், மைந்தனை அருகழைத்து ‘ழ’கரத்தின் பழைய வடிவத்தைக் காட்ட முற்பட்டோம். அவனோ வேறொன்றைக் கேள்விப்பட்டு அங்கே ஓடினான்.

அது தேள் அம்மன் சந்நிதி. செல்லம்மா என்னும் பெயரில் தேளுக்கு அதிதேவதையாக வழிபடப்படும் அம்மனை வணங்கினால் விஷக்கடி அணுகாது என்பது அவ்வூர் நம்பிக்கை. அச்சந்நிதியில் நிலத்தினுள்ளே அமைந்த உண்டியல் ஒன்று உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காணிக்கை இட்டு வருகிறார்களேயன்றி அதனைத் திறப்பதில்லை என்கின்றனர். கோலாரம்மனை நேர்நின்று நோக்காது, எதிரிலுள்ள கண்ணாடியிலே தெரியும் திருவுருவை வணங்கும் வழக்கமும் இங்கு உண்டு. உக்கிரமான தேவியின் பார்வையை நேரே தாங்கலாகாது என்பது கருத்து. நாமும் அவ்வாறே தொழுதோம்.

அருகிலே சோமேசுவரர் ஆலயம். இது விசயநகரக் காலத்துப் பணி. கோபுரம், திருக்கலியாண மண்டபம், தூண்களிலே நுண்ணிய சிற்பம் என்று கண்ணுக்கு விருந்தாக அனைத்தும் உண்டு. கோலாரம்மனின் எளிமையைக் கண்ட பின், நமக்கென்னவோ இந்த அலங்காரம் சற்று மிகையாகவே பட்டது. இல்லாளுக்கு இதுவே பிடித்திருந்தது. ஆகவே இது குறித்து மேலும் விவாதிக்கவில்லை. ஹைதர் அலியின் தந்தையாருடைய சமாதியும் இந்நகரில் உள்ளது. ஊருக்குப் பின்னாலுள்ள மலையில் அந்தரகங்கை என்னும் சுனைக்குப் படியேறிச் சென்று நீர் பருகி மீண்டோம்.

மறுநாள் தங்கவயலுக்குப் பயணமானோம். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் அந்தக் கிளைப்பாதை 1894இல் சுரங்கத்துக்கெனவே இடப்பட்டது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்களின் பெயரை வாசிக்கும்போதே ஒரு சரித்திரம் விரிகின்றது. ஜன்னலுக்கு வெளியே, வானத்தை மறைத்துக்கொண்டு தட்டையான உச்சியுடன் சாம்பல் நிறக் குன்றுகள் தோன்றின. மைந்தன் அவற்றை மலையென்றே நினைத்தான். அவை மலையல்ல, பாறையைப் பொடியாக்கி, சயனைட் கரைசலால் பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண். நூறாண்டுக்கு மேலாகக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்டது. கோடைக்காற்று வீசினால் அத்தூள் வீடுகளிலும் உணவிலும் படியும். சினிமாக்காரர்கள் இங்கே படம்பிடிக்க வருகிறார்கள்; அதனால் இந்நாளில் இக்குன்றுகளுக்கு ஒரு புகழும் ஏற்பட்டிருக்கின்றது.

இந்த ஊர் உண்டான கதையை இங்கே சுருக்கமாகக் கூறுவோம். 1802ஆம் ஆண்டளவில் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜோன் வாரன் என்னும் படை அதிகாரி, கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கேள்வியுற்று, வெகுமதி தருவதாக அறிவித்தார். மண்ணைச் சுமந்து வந்த மக்கள் அவர் முன்னிலையிலேயே கழுவிப் பொற்றுகளைக் காட்டினர். அவர் எழுதிய அறிக்கையை ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்குப் பின் படித்தவர் மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ்காரர். நியூசிலாந்துப் போரிலே பணியாற்றி அங்குப் பொன் தேடுவதைக் கண்டிருந்த அவர், மாட்டு வண்டியில் ஊர் ஊராகத் திரிந்து, 1875இல் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். அவரிடம் பணமில்லை. உரிமை கைமாறிக் கைமாறி, 1880இல் லண்டன் ஜோன் டெயிலர் கம்பனியாரிடம் வந்து சேர்ந்தது. அவர்களும் முதலிற் பணத்தைத் தொலைத்தார்கள். கையிருப்புத் தீருந் தறுவாயிலே, பழங்காலத்தார் தோண்டிவிட்டுச் சென்ற குழிகளின் அடியை மேலும் ஆழப்படுத்திப் பார்த்தபோதுதான் ‘சாம்பியன்’ எனப் பெயர் பெற்ற பெரும் பொற்படுகை அகப்பட்டது. ஆயிரமாண்டுக்கு முன் நம்மவர் கை உளி நின்ற இடத்திலிருந்தே அவர்களுடைய யந்திரம் தொடங்கியது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தன. 1902ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், காவிரி வீழும் சிவசமுத்திரத்திலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட தூரம் கம்பியிட்டு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் உலகிலேயே மிக நீண்ட மின்கம்பிப் பாதைகளுள் ஒன்று அது. பெங்களூர் நகரம் தன் தெருவிளக்கை ஏற்றியது 1905இலே. தங்கவயல் அதற்கு முன்னரே ஒளி பெற்றுவிட்டது. வெள்ளை அதிகாரிகளுக்குப் பூந்தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும், கிளப்பும், கொல்ஃப் மைதானமும் அமைந்தன. ‘சிறிய இங்கிலாந்து’ என்று அழைத்தார்கள்.

சிறிய இங்கிலாந்துக்கு அப்பால், தொழிலாளர் வாழ்ந்த ‘லைன்’ வீடுகள். நாம் சாம்பியன் ரீஃப் பகுதியில் அவற்றினிடையே நடந்தபோது நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயன்களே நினைவுக்கு வந்தன. பெயர் ஒன்று, வரிசை ஒன்று, ஒரே கூரையின் கீழ்ப் பல குடும்பங்கள் என்னும் அமைப்பும் ஒன்று. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் சீமையிலிருந்தும், பஞ்சமும் சாதிக்கொடுமையும் துரத்த வந்தவர்களே இங்கு பெரும்பாலோர். ஒரு சாரார் கடல் கடந்து தேயிலைக்கு வந்தார்கள். ஒரு சாரார் பூமிக்கடியிலே பொன்னுக்குப் போனார்கள்.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்த முதியவர் நம் பேச்சைக் கேட்டு, “எந்த ஊரு சார்? பேச்சு புதுசா இருக்குதே” என்று வினவினார். மட்டக்களப்பு என்றதும், “சிலோனா! உள்ள வாங்க சார், வாங்கம்மா” என்று எழுந்து நின்று வரவேற்றார். அவருடைய பாட்டனார் காலத்தில் வந்த குடும்பம். தாமும் தந்தையும் தந்தையின் தந்தையும் சுரங்கத் தொழிலாளர். முப்பது ஆண்டு நிலத்தின் கீழ் வேலை செய்தவர். பேசும்போது இடையிடையே மூச்சு வாங்கியது. பாறைத்தூசி நுரையீரலிற் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் நோய் இவ்வூரில் வீட்டுக்கு வீடு அறிந்த பெயர். அவருடைய தந்தையாரை அது கொண்டுபோயிற்று. தமக்கும் இருக்கிறது என்பதை, மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

சுரங்கம் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம் சென்றது. மூன்று கிலோமீற்றருக்கு அதிகம். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது. அடியாழத்திலே பாறையின் வெப்பம் அறுபது பாகை சென்ரிகிறேட்டுக்கு மேல். மேலிருந்து குளிரூட்டிய காற்றைச் செலுத்தினாலன்றி மனிதர் அங்கு நிற்க இயலாது. பாறையை அகழ்ந்து எடுக்க எடுக்க, மேலுள்ள பாரம் இறுகிச் சுவர் திடீரெனச் சிதறும். அவ்வாறு சிதறும்போது மேலே வீடுகளிற் பாத்திரங்கள் உருளும். “பாத்திரம் உருண்டா பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிடுவாங்க, சார். கூண்டு மேல வந்து கதவு தொறக்கற வரைக்கும் யாரும் பேசமாட்டாங்க” என்றார் பெரியவர். உள்ளே நின்ற அவருடைய மனைவியார் அச்சொல்லைக் கேட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். எத்தனை முறை அவர் அவ்வாசலிலே நின்றாரோ, நாம் கேட்கவில்லை.

இந்த மக்கள் வெறுமனே அடங்கிக் கிடந்தவர்களல்லர். 1930ஆம் ஆண்டிலே ஒவ்வொரு தொழிலாளியும் விரலடையாளம் பதிய வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து, ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கல்வியிலும் அவர்களுக்குத் தாகம் இருந்தது. அயோத்திதாச பண்டிதர் 1907 முதல் சென்னையில் நடத்திய ‘தமிழன்’ பத்திரிகை அவர் மறைவின் பின் நின்றுபோக, அதனை 1926இலே மீண்டும் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தியது இத்தங்கவயலில்தான். ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். பண்டிதருக்கும் நம் நாட்டுக்கும் தொடர்புண்டு: 1898இல் ஒல்கொட் துரையுடன் கொழும்புக்கு வந்து, சுமங்கல தேரரிடம் பௌத்த தீட்சை பெற்றவர் அவர். அவரது பௌத்த சங்கத்தின் கிளை இங்கே வேரூன்றி, பகலிலே பாறை உடைத்தவர்கள் இரவிலே கூடி நூல் வாசித்தார்கள். கல்லூரியில் இருபது ஆண்டு கற்பித்துவரும் நாம், பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு பக்கம் வாசிக்க மாணவரைத் தூண்டப் படும் பாட்டை எண்ணிப் பெருமூச்சு விட்டோம்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. நியூத்திரினோ என்னும் மிக நுண்ணிய துகள் எதனையும் ஊடுருவிச் செல்ல வல்லது. வேறு துகள்களின் இரைச்சலிலிருந்து அதனைப் பிரித்தறிய, மேலே பெரும் பாறைப்படை மூடிய ஆழமான இடம் தேவை. தாதா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் இச்சுரங்கத்தில் ஏழாயிரம் அடிக்குக் கீழே கருவிகளை நிறுவி, 1965ஆம் ஆண்டில் வளிமண்டலத்திலே தோன்றும் நியூத்திரினோவின் தடத்தைக் கண்டனர். உலகில் அதனை முதன்முதலாகக் கண்டவர்களுள் அவர்களும் அடங்குவர்.

பொன் குறைந்துகொண்டே வந்தது. சுரங்கம் 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் உரியதாயிற்று. 2001ஆம் ஆண்டு மாசி மாதம் 28ஆம் நாள் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு தொன்னுக்கு மேற்பட்ட பொன் எடுக்கப்பட்டிருந்தது. நீர் இறைக்கும் யந்திரங்கள் நின்றதும் ஊற்றுநீர் பெருகி, அந்த ஆழமெல்லாம் நிரம்பியது. கூண்டை இறக்கிய இரும்புக் கோபுரங்கள் மட்டும் துருவேறி நிற்கின்றன.

கொஸ்லாரிலே சுரங்கத்தின் வாயில் திறந்திருக்கின்றது, இங்கே பூட்டியிருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பொன்னின் அளவைப் பொறுத்ததன்று. கோலாரம்மன் கோயிற் கல்லைக் காப்பதற்கு ஆளுண்டு. அதே மண்ணிலே உழைத்தவர்களின் கூண்டுக்கும் விளக்குக்கும் லைன் வீட்டுக்கும் ஒரு நல்ல காட்சிசாலையேனும் ஊர் நடுவே எழுந்திருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றியது. கல்வெட்டில் இடம்பெறுவதற்கு அரசனாகவோ சேனாபதியாகவோ இருந்திருக்க வேண்டுமோ? பெரியவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, “மியூசியம் அப்புறம் இருக்கட்டும் சார். பசங்களுக்கு இங்கேயே வேலை கெடைச்சாப் போதும்” என்றார். நமது யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

அவர் சொன்னதன் பொருளை மறுநாள் விடியற்காலையிற் கண்டோம். மாரிக்குப்பம் நிலையத்தில் இருள் பிரியுமுன்னரே கையிற் சோற்றுப் பாத்திரத்துடன் ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கானோர் கூடிவிட்டனர். பெங்களூருக்குச் சென்று உழைத்து இரவிலே திரும்புகிறார்கள். பெரியவரின் மகனும் அவர்களில் ஒருவர். அதே வண்டியிலே ஏறினோம். இளைஞர் சிலர் எழுந்து, இல்லாளுக்கு இடம் கொடுத்தார்கள். இடம் கிடைத்ததும் மைந்தன் கொப்பியை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினான். அவன் தாயின் தாலிக்கொடி ஏழு பவுண். பவுணுக்கு எட்டுக் கிராம். சுரங்கத்தின் செழிப்பான தொடக்க நாட்களில் ஒரு தொன் பாறைக்கு நாற்பத்தேழு கிராம் பொன் கிடைத்ததாம். இறுதியில் மூன்று கிராம் அளவே. அப்படியாயின் தொடக்க நாளில் இக்கொடிக்கு ஒன்றேகால் தொன் பாறை போதும். கடைசி நாளிலோ ஏறக்குறைய பத்தொன்பது தொன். இல்லாள் விடையைக் கேட்டுவிட்டுக் கொடியைச் சேலைக்குள்ளே தள்ளிக்கொண்டார். வண்டி பங்காரப்பேட்டை சேரும்வரை ஒன்றும் பேசவில்லை.

முதியவர் விடைதருகையில் மைந்தன் கையில் ஒரு வெண்படிகக் கல்லை வைத்திருந்தார். சாம்பியன் படுகையிலிருந்து தமது தந்தை கொண்டுவந்ததாம். “இதுல தங்கம் இருக்கா தாத்தா?” என்று அவன் அவ்வூர்ப் பேச்சிலேயே கேட்டான். “இருந்தா உங்கிட்டயா குடுப்பேன்?” என்று கூறி அவர் நகைத்த நகைப்பு இருமலில் முடிந்தது.

அக்கல் இப்பொழுது நமது மேசையில், கொஸ்லார் படங்களுக்குப் பாரமாக இருக்கின்றது. வாவிக்காற்று சற்றுப் பலமாக வீசும் மாலைகளில் அதற்கு வேலை அதிகம். மைந்தன் மாத்திரம், நாம் காணாத வேளை பார்த்து, பூதக்கண்ணாடியுடன் அதனை ஜன்னலண்டை எடுத்துச் செல்கிறான்.